புதுப்பிப்பு: பசுமைக்குடிலில் இரவில் தானாக ஓடிய மோட்டார்

மண் ஈரமாக இருக்கும்போதே இரவில் சொட்டுநீர் மோட்டார் ஓடுகிறது என்று முன்பு புலம்பியிருந்தேன் அல்லவா? மண் ஈரத்தை அளக்கும் சென்சார் பழுது என்றே நினைத்து இரண்டை மாற்றினேன். காசுதான் வீண்.

தப்பு என் வயரிங்கில். ஈரப்பத சென்சாரை, மோட்டாரை இயக்கும் சிறு கணினிப் பலகையான இஎஸ்பி32-இன் 26ஆம் பின்னில் (இணைப்புக் காலில்) கொடுத்திருந்தேன். சென்சார் தரும் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்ற அந்தப் பலகையில் ஏடிசி1, ஏடிசி2 என இரண்டு பகுதிகள் உண்டு; அந்தப் பின் ஏடிசி2-ஐச் சேர்ந்தது. வைஃபை ஓடும்போது அதில் வரும் அனலாக் அளவை நம்ப முடியாது. நான் இரவில் மட்டும் வைஃபையை ஆன் செய்து டேட்டா அனுப்புகிறேன். அந்த நேரம் பார்த்து அளவு உச்ச எண்ணான 4095-இல் போய் நின்றுவிடும். நான் வைத்திருக்கும் கெபாசிட்டிவ் வகை சென்சாரில் எண் கூடினால் மண் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் மோட்டார் ஓடாமல் என்ன செய்யும்! மேசையில் வைஃபை இல்லாமல் சோதித்தபோது இது கண்ணில் படவே இல்லை.

வயரை 34ஆம் பின்னுக்கு மாற்றினேன். அது வைஃபை ஓடினாலும் பாதிக்கப்படாத ஏடிசி1, உள்ளீட்டுக்கு மட்டுமே உதவும். இங்கே அதுவே போதும். இப்போது அளவு ஆடுவதில்லை.

கையோடு நிரலையும் திருத்தினேன். ஈரம் 35 சதவீதத்துக்குக் கீழே போனால் மோட்டார் ஓடும், 50 தாண்டினால் நிற்கும். ஓடவும் நிற்கவும் ஒரே எல்லை இருந்தபோது ரிலே (மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்ச்) டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது. சென்சார் என்ன சொன்னாலும் மோட்டார் தொடர்ந்து 5 நிமிடத்துக்கு மேல் ஓடாது.

வெப்பநிலை சென்சார் மீது நேர் வெயில் படுவதால் மதியம் விசிறி தேவைக்கு மேல் சுற்றுகிறது. காற்றோட்டமுள்ள வெள்ளைக் கூடு ஒன்று செய்ய வேண்டும், இன்னும் கை வைக்கவில்லை.