டி2 டூல் ஸ்டீல் என்று வாங்கிய கட்டை வயர்கட்டில் வெடித்துவிட்டது. கோளாறு எங்கே?

கணபதி_பிரஸ்ஷாப்:
வணக்கம். கோவையில் ஐந்து பிரஸ் ஓடும் சின்னப் பட்டறை என்னுடையது. பம்ப் மோட்டாருக்கு ஒரு கிளாம்ப் அடித்துக் கொடுக்கிறோம். 1.5 மி.மீ. 304 ஸ்டெயின்லெஸ் ஷீட், அதில் 22-க்கு 6 மி.மீ. அளவில் ஒரு நீள்சதுரத் துளை. 40 டன் பிரஸ்.

துளை குத்தும் முதல் பஞ்ச் 4,000 ஸ்ட்ரோக் தாண்டுவதற்குள் ஒரு மூலை உதிர்ந்தது. சரி, செட்டிங்கில் பையன் ஏதோ தப்பு செய்திருப்பான் என்று விட்டுவிட்டேன். அதே பாரிலிருந்து இன்னொரு துண்டு வெட்டி, ஹார்டனிங் (சூடாக்கி முக்கிக் கெட்டியாக்குவது) முடித்து, இரண்டாவது பஞ்சுக்காக வயர்கட்டுக்கு (மின்பொறி பாயும் கம்பியால் வெட்டும் மெஷின்) அனுப்பினேன். பாதி வெட்டில் டக்கென்று சத்தம் வந்ததாம். தொட்டித் தண்ணீரை இறக்கிப் பார்த்தால், கட்டையின் ஓரத்திலிருந்து வெட்டுப்பாதை வரை தலைமுடி மாதிரி ஒரு கோடு. நகத்தை ஓட்டினால் தட்டுகிறது.

வயர்கட்காரர் ஸ்டீல் சரியில்லை என்கிறார். ஸ்டீல் கடையில் ஹார்டனிங்கைக் குறை சொல்கிறார்கள். ஹார்டனிங் செய்தவர் வயர்கட்டைக் கை காட்டுகிறார். மூன்று பேருக்கும் காசு கொடுத்தவன் நான். கடையில் நான் கேட்டது டி2. ஹார்ட்னஸ் ராக்வெல் சி அளவில் 62 வந்தது. அடுத்த பஞ்சை எதில் செய்யலாம்? ஓஎச்என்எஸ், ஈஎன்31 என்று ஆளுக்கொரு ஸ்டீல் சொல்கிறார்கள்.

பழைய_டூல்ரூம்:
தம்பி, நாலு விஷயம் சொல்லுங்க. பில்லில் டி2 என்று எழுதியிருக்கிறதா, எச்சிஎச்சிஆர் என்றா? ஹார்டனிங் ஆயிலிலா, வாக்யூமா, டெம்பரிங் (அதற்குப் பிறகு மிதமாகச் சூடாக்குவது) எத்தனை தடவை? வயர்கட் ஓரத்திலிருந்து உள்ளே போனதா, கம்பி நுழைய உள்ளே ஸ்டார்ட் ஹோல் போட்டார்களா? டை கிளியரன்ஸ், அதாவது பஞ்சுக்கும் டைக்கும் நடுவே உள்ள இடைவெளி, எவ்வளவு?

கணபதி_பிரஸ்ஷாப்:
அண்ணா, இப்போதுதான் பில்லை எடுத்துப் பார்த்தேன். "எச்சிஎச்சிஆர்" என்றுதான் இருக்கிறது. டி2 என்பது வாயால் சொன்னது. சால்ட் பாத்தில் (உருகிய உப்பு) சூடாக்கி ஆயிலில் முக்கினது, 200 டிகிரியில் ஒரே டெம்பரிங். வெட்டு ஓரத்திலிருந்துதான். கிளியரன்ஸ் பக்கத்துக்கு 0.05.

பழைய_டூல்ரூம்:
அப்போ கதை பில்லிலேயே தொடங்குகிறது. எச்சிஎச்சிஆர் என்றால் கார்பனும் குரோமியமும் அதிகம் என்று மட்டும்தான் அர்த்தம். அந்தப் பெயரில் இரண்டு ஸ்டீல் விற்கிறது. டி2-வில் கார்பன் 1.5 சதவீதம், குரோமியம் 12, கூடவே மாலிப்டினமும் வனேடியமும் கொஞ்சம். டி3-யில் அதே 12 குரோமியம், ஆனால் கார்பன் 2-க்கு மேல், மாலிப்டினம் சேர்ப்பதில்லை. மாலிப்டினமும் வனேடியமும்தான் விலை கூடிய சரக்கு, அதனால் டி3 மலிவு. கடைக்காரர் பொய் சொன்னார் என்றுகூடச் சொல்ல முடியாது, பில்லில் எழுதியது சரிதானே!

டி3 தேய்மானத்துக்குக் கில்லாடி. ஆனால் உள்ளே கட்டி கட்டியாக கார்பைடு (கார்பனும் குரோமியமும் சேர்ந்த கெட்டித் துகள்) நிற்கும், அதிர்ச்சி தாங்காது. ஒடுங்கிய பஞ்ச், கூர் மூலை, 304 மாதிரி இழுவையான ஷீட், எல்லாம் சேர்ந்தால் மூலைதான் முதலில் போகும். 0.05 கிளியரன்ஸும் இந்த ஷீட்டுக்கு இறுக்கம். பக்கத்துக்கு 0.1-ஐ ஒட்டி இருக்க வேண்டும்.

வயர்கட்டில் வெடித்தது தனிக் கதை. ஆயிலில் முக்கி 200-இல் ஒரே தடவை டெம்பர் செய்த கட்டைக்குள் இறுக்கம் அப்படியே பூட்டிக் கிடக்கும். ஓரத்தைத் திறந்து வெட்டினால் அது ஒரு வழி தேடிக்கொள்ளும். உங்களுக்குக் கேட்ட டக் அதுதான். வயர்கட்காரர் மேல் பெரிய தப்பில்லை. ஆனால் ஸ்டார்ட் ஹோல் கேட்டிருக்கலாம்.

பொறி பார்த்துக் கண்டுபிடிக்கலாமா என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். கிரைண்டரில் ஈஎன்8 என்ற சாதா கார்பன் ஸ்டீல் மத்தாப்பு மாதிரிப் பூக்கும், ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) மங்கிய சிவப்புக் கோடாகப் போகும். அதைக் குழந்தைகூடச் சொல்லிவிடும். டி2-வையும் டி3-யையும் பொறியில் பிரிக்கிறேன் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஸ்பெக்ட்ரோ_லேப்:
பிஎம்ஐ கன் (உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டும் கருவி) உள்ள இடத்துக்கு உடைந்த துண்டை எடுத்துப் போங்க, சில நொடி வேலை. ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: கையில் பிடிக்கும் அந்த எக்ஸ்ரே கன் கார்பனைப் பார்க்காது. மாலிப்டினம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும், உங்களுக்கு அது போதும். கார்பன் எண்ணும் வேண்டுமென்றால் ஒரு முகத்தைக் கிரைண்ட் செய்து லேபில் ஸ்பெக்ட்ரோ (பொறியின் ஒளியை வைத்துக் கலவையை அளக்கும் மெஷின்) எரிக்க வேண்டும்.

போகும்போது ஷீட்டிலும் ஒரு துண்டு கொண்டுபோங்க. 304 என்ற பெயரில் 200 சீரிஸ் ஸ்டெயின்லெஸ் வருவது புதிதில்லை. அதில் நிக்கல் 1 சதவீதத்தை ஒட்டியும் மாங்கனீசு 9-ஐ ஒட்டியும் இருக்கும். வெட்டும்போது 304-ஐவிட அதிகமாக இறுகும், பஞ்சைத் தின்னும். காந்தம் வைத்துப் பார்ப்பது வீண், இரண்டிலும் ஒட்டாது.

மில்லிங்_மணி:
நாங்கள் ஈஎன்31-இல் பஞ்ச் செய்து வருடக்கணக்கில் ஓட்டுகிறோம். இவ்வளவு படிப்பு எதற்கு?

பழைய_டூல்ரூம்:
எந்த ஷீட்டில், மணி? 1 மி.மீ. எம்எஸ்ஸில் (மைல்ட் ஸ்டீல்) ஓஎச்என்எஸ்கூட ஓடும். 500 பீஸ் ஆர்டருக்கு நானே அதைத்தான் போடுவேன். ஈஎன்31 பேரிங் ஸ்டீல், ஒன்றரை சதவீத குரோமியம்தான். 304-இல் லட்சக்கணக்கில் அடிக்க அதைச் சொல்ல மாட்டேன்.

கணபதி தம்பிக்கு: டி2 போதும். டெஸ்ட் சர்டிபிகேட்டோடு வாங்குங்க. சர்டிபிகேட்டில் உள்ள ஹீட் நம்பரும் (உருக்கிய தொகுதியின் எண்) பாரில் குத்தியிருக்கும் நம்பரும் ஒன்றா என்று கடையிலேயே பாருங்க. பாரின் முனையில் எந்த ஸ்டீல் என்று அடையாளத்துக்கு அடித்த பெயிண்டைக் கடைசி வரை வெட்டாமல் வையுங்க. அது போய்விட்டால் ராக்கில் கிடக்கும் எல்லாக் கட்டையும் ஒரே முகம்தான். வாக்யூம் ஃபர்னஸில் 1,030 டிகிரியை ஒட்டி ஹார்டனிங், 500-க்கு மேல் இரண்டு மூன்று டெம்பரிங் கேளுங்க. ஹார்ட்னஸ் 58, 59 வந்தால் பயப்பட வேண்டாம். அப்படிச் செய்த கட்டை வயர்கட்டில் அடங்கிக் கிடக்கும். அப்புறமும் மூலை உதிர்ந்தால் டிசி53-க்குப் போகலாம். ஜப்பானின் டைடோ கம்பெனி சரக்கு, 8 சதவீத குரோமியம், முறிவு தாங்கும் சக்தி கூட. விலையும் கூட.

சமையல்_கத்தி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். வீட்டுக் கத்திக்கு டி2 நல்லதா?

ஸ்பெக்ட்ரோ_லேப்:
முனை நன்றாக நிற்கும், ஆனால் தீட்டுவது பெரும்பாடு. 12 குரோமியம் என்றாலும் அதில் பெரும்பகுதி கார்பைடில் போய்விடுவதால் துரு பிடிக்கும். எலுமிச்சை வெட்டிவிட்டு அப்படியே வைத்தால் கறை தங்கும். 420 வகை ஸ்டெயின்லெஸ் போதுங்க.

கணபதி_பிரஸ்ஷாப்:
ஒன்றரை மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

உடைந்த துண்டில் குரோமியம் 11.8, மாலிப்டினம் பேருக்குக்கூட இல்லை. லேபில் கார்பன் 2.1. ஆக டி3-தான். ஷீட்டைச் சந்தேகப்பட்டது தப்பு: நிக்கல் 8.1, நிஜ 304. ஷீட் கொடுப்பவரிடம் போன வாரம்தான் கடுகடுவென்று பேசியிருந்தேன், போய் டீ வாங்கிக் கொடுத்துச் சரிசெய்தேன்.

புது டி2 பார் சர்டிபிகேட்டோடு வாங்கினேன். மூன்று டெம்பரிங், 59 வந்தது. வயர்கட்டில் ஸ்டார்ட் ஹோல் போட்டு, ஓரத்தில் 10 மி.மீ. விட்டு வெட்டினோம், சத்தமே இல்லை. துளையின் மூலையில் 0.5 ரேடியஸ் கொடுக்க பார்ட்டியிடம் கேட்டேன். "அதனால் எங்களுக்கு ஒன்றுமில்லை" என்று டிராயிங்கைத் திருத்திக் கொடுத்துவிட்டார்கள். இத்தனை நாள் கேட்காமல் இருந்தேன்! கிளியரன்ஸ் 0.1. இதுவரை 31,000 ஸ்ட்ரோக், ஒரு தடவை முகம் கிரைண்டிங், மூலை நாலும் முழுசாக இருக்கிறது.

மீதி டி3 பாரை என்ன செய்வது? கடையில் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

பழைய_டூல்ரூம்:
பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீங்க. அதற்கேற்ற வேலையில் அது தங்கம். மோட்டார் ஸ்டாம்பிங் அடிக்கிறவர்கள் 0.5 மி.மீ. சிலிக்கான் ஸ்டீலில் அடிக்கிறார்கள். ஷீட் மெல்லிசு, அதிர்ச்சி குறைவு, தேய்மானம்தான் எதிரி. அங்கே டி3 டை நின்று ஓடும்.

ஸ்டேட்டர்_சிங்காநல்லூர்:
அந்த பாரில் எவ்வளவு நீளம் மிச்சம் இருக்குங்க? பெயிண்ட் முனை இருக்கா?