கூரை திருத்தச் சேமிப்பை எடுத்தால் பென்ஷன் கிரெடிட் கிடைக்காதோ?

மழைவாளி எழுதியது, அக்டோபர் 2025

வணக்கம். கனநாளா இங்க வாசிக்கிறதோட நிண்டனான், இண்டைக்குத்தான் எழுதுறன். பிழை இருந்தால் பொறுக்கவும், மகன் இப்பதான் போனில தமிழ் போட்டுத் தந்தவன்.

எனக்கு 69 வயசு. லண்டன் ஈஸ்ட் ஹாமில 1994இல வாங்கின டெரஸ் வீடு, மோர்ட்கேஜ் முடிஞ்சுது. இவர் 2021இல போயிட்டார். மகன் குடும்பத்தோட ரெடிங்கில, நான் தனிய. ஸ்டேட் பென்ஷன் கிழமைக்கு 171 பவுண் 4 பென்ஸ். 26 வருசம்தான் எனக்குக் கணக்கில இருக்காம், வந்த புதுசில கைக்காசுக்கு வேலை செய்ததெல்லாம் ஒரு இடத்திலயும் பதிவில்லை. வேற வருமானம் இல்லை. வருமானம் குறைஞ்ச பென்ஷன்காரருக்கு அரசு மேல போட்டுத் தாற பென்ஷன் கிரெடிட்டுக்கு எழுதலாமோ எண்டு யோசிக்கிறன். பாங்கில 27,400 பவுண் கிடக்கு. அது இவரும் நானும் வாயைக் கட்டி வயித்தைக் கட்டிச் சேத்தது.

இப்ப பிரச்சினை கூரை. பின் அறைச் சீலிங்கில முதல் தேத்தண்ணிக் கறை மாதிரி ஒரு வட்டம் வந்தது. பெயின்ற் அடிச்சு மறைச்சன். போன மார்கழியில வட்டம் பெருத்து ஒழுகத் தொடங்கிட்டுது. இரவில மழை பெய்தால் எழும்பி எழும்பி வாளி மாத்துறன். கூரைக்காரர் ஏறிப் பாத்துட்டு ஓட்டுக்குக் கீழ போட்ட விரிப்பும் உக்கிப் போச்சு, பின்பக்கம் முழுக்க மாத்த 9,200 எண்டார். காசாத் தந்தால் 8,000க்குச் செய்யிறன், பில் கேக்கக்கூடாது எண்டும் சொன்னார். அதோட முழங்கால் வருத்தத்தால பாத் டப்புக்குள்ள காலைத் தூக்கி வைக்கேலாமல் கிடக்கு. அதைக் கழட்டிப்போட்டு நிலத்தோட மட்டமா ஷவர் போட 5,300 கேக்கினம்.

கோயிலில ஒரு அக்கா சொல்றா, 16,000க்கு மேல சேவிங்ஸ் இருந்தால் பெனிபிட் ஒண்டும் இல்லையாம், ஆனா இப்ப செலவழிச்சுக் குறைச்சால் வேணுமெண்டு கரைச்சதெண்டு பிடிப்பினமாம். இன்னொராள் பாதிக் காசை மகன்ர கணக்குக்கு மாத்தச் சொல்லுறார். எனக்குக் களவு செய்யிற மாதிரிக் கிடக்கு. என்ர வீட்டுக் கூரையை என்ர காசில திருத்தப் பயப்பிடவேண்டிக் கிடக்கே எண்டு யோசிக்கேக்க ஒரு பக்கம் கோவமும் வருது.

நான் என்ன செய்ய?

———

வெம்ப்ளித் தம்பி எழுதியது

அக்கா சொன்னது சரி. 16,000க்கு மேல ஒரு சதமும் கிடையாது. முதல் கூரையைச் செய்யுங்கோ, ஆறு மாசம் பேசாமல் இருங்கோ, பிறகு அப்ளை பண்ணுங்கோ. ஆறு மாசத்துக்கு முந்தினதைத் தோண்ட மாட்டினம்.

———

கணக்குக்கொப்பி எழுதியது

தம்பி, குறை நினைக்காதேங்கோ, இரண்டுமே பிழை. எட்டு வருடம் ஓர் ஆலோசனை நிலையத்தில் மேசைக்குப் பின்னால் இருந்தவள் நான். இந்த இரண்டு கதைகளையும் நம்பித்தான் வயது போன ஆட்கள் வருடக்கணக்காக விண்ணப்பிக்காமல் இருந்துவிட்டு வருவார்கள்.

அம்மா, 16,000 என்ற கோடு, பென்ஷன் வயது வராதவர்களுக்கான யுனிவர்சல் கிரெடிட் என்ற உதவிக்கு உரியது. பென்ஷன் கிரெடிட்டுக்கு மேல் எல்லை என்று ஒன்று கிடையாது. முதல் 10,000ஐத் தொடமாட்டார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு 500க்கும், 500இல் ஒரு துண்டு மிஞ்சினாலும் அதற்கும், கிழமைக்கு ஒரு பவுண் வருமானம் வருவதாக எடுத்துக்கொள்வார்கள். பாங்க் உண்மையில் தரும் வட்டி இந்தக் கணக்கில் வராது. குடியிருக்கும் வீட்டின் பெறுமதியும் வராது.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 27,400இல் 10,000 போக 17,400. அது 500 வீதம் 35 துண்டு, ஆக 35 பவுண். பென்ஷன் 171.04ஓடு கூட்டினால் 206.04. தனி ஆளுக்கு இந்த 2025-26இல் அரசு குறித்த கிழமை வருமான அடிமட்டம் 227.10. மிச்சம் 21 பவுண் 6 பென்ஸ்.

அதாவது கூரையில் ஒரு ஓடு கூட மாற்றாமல், இன்றைக்கே, கிழமைக்கு 21.06 உங்களுக்கு உரித்து. மூன்று மாதம் பின்னோக்கியும் கேட்கலாம். தொகை சின்னதென்று விட்டுவிடாதேங்கோ. இது பென்ஷன் கிரெடிட்டில் அந்த அடிமட்டம் வரை நிரப்பித் தரும் 'கேரண்டி கிரெடிட்' பகுதி, இது கையில் இருந்தால் வீட்டுக்குக் கட்டும் கவுன்சில் டாக்ஸ் வரி முழுவதுமே இல்லாமல் போகலாம். தனி ஆளுக்கான 25 வீதக் கழிவோடு நீங்கள் இப்போது கட்டிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

இனிக் கூரை. சட்டம் கேட்பது, காசைக் கையை விட்டு விட்டதில் பெனிபிட் எடுப்பது அல்லது கூட்டுவது ஒரு முக்கிய நோக்கமாக இருந்ததா என்பதைத்தான். அப்படி என்று கண்டால் செலவழித்த காசு இன்னும் உங்கள் கையில் இருப்பதாகவே கணக்குப் பிடிப்பார்கள். ஆனால் பென்ஷன் கிரெடிட் விதியில் இரண்டு விலக்குகளை எழுதியே வைத்திருக்கிறார்கள்: கடனை அடைப்பது, உங்கள் நிலைமைக்கு நியாயமான பொருளோ வேலையோ வாங்குவது. ஒழுகும் கூரையை விட நியாயமான செலவு எது? அதே காசில் நல்லாக இருக்கிற குசினியைப் பிடுங்கிவிட்டுப் பளிங்குக் கல் போட்டால் கேள்வி வரும். மகன் கணக்குக்கு மாற்றினால் கட்டாயம் வரும். அந்த யோசனை சொன்னவரிடம் வேறு ஒன்றும் கேட்காதேங்கோ.

ஆறு மாதக் கதைக்கு விதியில் இடமே இல்லை. எவ்வளவு காலத்துக்கு முந்தியது என்று எல்லை கிடையாது, பழைய ஸ்டேட்மெண்ட் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். மற்றது, கூரைக்கென்று தனிக் கணக்கில் ஒதுக்கி வைத்தாலும் அது செலவாகும் வரை உங்கள் சேமிப்புத்தான்.

பில் இல்லாத அந்த 8,000 வேண்டாம். கணக்கிலிருந்து 8,000 பச்சைக் காசாக வெளியேறியது, காட்ட ஒரு துண்டுக் கடதாசி இல்லை என்றால் உங்கள் பக்கம் பேச என்ன இருக்கிறது? இன்னும் இரண்டு பேரிடம் எழுத்தில் விலை வாங்குங்கோ. வாளியோடும் கறையோடும் படம் எடுத்து வையுங்கோ. பாங்கில் இருந்தே கட்டுங்கோ.

ஷவரை மட்டும் இப்போது தொடாதேங்கோ. அதற்குக் கவுன்சிலில், உடல் இயலாதவர்களுக்கு ஏற்றபடி வீட்டை மாற்றத் தரும் 'டிசேபிள்ட் பெசிலிட்டீஸ் கிராண்ட்' இருக்கிறது, இங்கிலாந்தில் 30,000 வரை. வருமானம், சேமிப்பு பார்த்துத்தான் கொடுப்பார்கள், ஆனால் கேரண்டி கிரெடிட் எடுப்பவருக்கு அந்தச் சோதனை இல்லை. அனுமதி வருமுன் வேலையைத் தொடங்கினால் கிராண்ட் போய்விடும், அதனால்தான் இந்த அவசரத் தடை. முதலில் பென்ஷன் கிரெடிட் விண்ணப்பம், பிறகு கூரை, அதற்கிடையில் கவுன்சிலுக்குப் போன் அடித்து, என்ன மாற்றம் தேவை என்று பார்த்து எழுதும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டை வீட்டுக்கு வரச் சொல்லுங்கோ.

———

இரும்படி எழுதியது

கணக்குக்கொப்பி அக்கா சொன்னதுக்கு நான் ஒரு உயிருள்ள உதாரணம், ஆனா மற்றப் பக்கத்து உதாரணம்.

எனக்கு அப்ப 58. வேலை செய்த இடம் ஆக்களைக் குறைச்சதில 24,000 தந்து அனுப்பினவை. வீட்டில ஜன்னலெல்லாம் மூடினாலும் காத்து விசில் அடிக்கும், அதுக்கு 4,100. பொய்லர் செத்துப்போச்சு, அதுக்கு 2,600. ஊரில தங்கச்சி வீட்டுக் கூரைக்கு 7,500 அனுப்பினன். மிச்சம் 9,800 இருக்கேக்க யுனிவர்சல் கிரெடிட் போட்டன்.

ஜன்னலுக்கும் பொய்லருக்கும் பில் காட்டினன், ஒரு கதையும் இல்லை. தங்கச்சிக்கு அனுப்பினதைக் கேட்டினம். நான் பெரிய புத்திசாலி எண்டு நினைச்சு, 'எப்பிடியும் பெனிபிட் வரும்தானே எண்டுதான் அனுப்பினனான்' எண்டு வாயாலயே சொல்லிட்டன். அந்த ஒரு வசனம் கடிதத்தில அப்பிடியே வந்து கிடந்தது. 9,800ஓட 7,500ஐயும் சேத்து எனக்கு 17,300 இருக்காம். 16,000ஐத் தாண்டிட்டுது, சல்லி இல்லை. ஒரு மாசத்துக்குள்ள மறுபரிசீலனை கேட்டன், அதிலயும் தோத்தன். தங்கச்சிக்கு அண்ணன் செய்யிறது கடமை எண்டு நான் எழுதினது உண்மைதான், ஆனா நான் முதல் சொன்னதும் உண்மைதானே.

கையில இருக்கிறதா அவையள் கணக்குப் பிடிச்ச காசு எண்டாலும் மாசா மாசம் விதிப்படி கொஞ்சம் தேயும். கையில இருந்ததும் சாப்பாடு, கரண்ட் பில் எண்டு தேஞ்சுது. மூண்டாம் மாசம் திரும்பப் போட்டன், கிடைச்சது. கூரை எண்டால் எல்லாம் ஒரு கூரை இல்லை. தலைக்கு மேல இருக்கிற கூரைக்கு ஒரு நியாயம், கடல் கடந்த கூரைக்கு வேற நியாயம்.

———

மழைவாளி எழுதியது

எல்லாருக்கும் நன்றி. 21 பவுண் எண்டு வாசிச்சுட்டு மகனுக்குப் போன் அடிச்சன். அவனும் கால்குலேட்டரில தட்டிப் பாத்துட்டு 'அம்மா, 66 வயசிலயே போட்டிருக்கலாம்' எண்டான். மூண்டு வருசம். சரி, அதை விடுவம்.

இன்னும் ரெண்டு கேள்வி. ஊரில அப்பான்ர வீடு தம்பியின்ர பேரில இருக்கு, அதைச் சொல்ல வேணுமோ? மற்றது என்ர தாலிக்கொடியும் காப்பும். கோயில் அக்கா அதையும் சேமிப்பெண்டு எழுதச் சொல்லுறா. இந்த மனிசிக்கு ஆர் இவ்வளவும் சொல்லிக் குடுத்ததோ தெரியேல்லை.

———

கணக்குக்கொப்பி எழுதியது

தம்பியின் பேரில் என்றால் அது தம்பியின் வீடு. உங்கள் பேரிலோ, பங்கிலோ இருந்தால் சொல்லியே ஆகவேண்டும். அந்த நாட்டில் விற்றால் வரும் விலையில், விற்கிற செலவுக்கு 10 வீதம் கழித்து, உங்கள் சேமிப்போடு சேர்ப்பார்கள். யாழ்ப்பாணத்தில் பூட்டிக் கிடக்கும் வீடு லண்டனுக்குத் தெரியாது என்று நினைத்து ஒளித்த ஆட்களை எனக்குத் தெரியும். பிறகு வாங்கிய காசைத் திருப்பிக் கட்டினார்கள்.

தாலிக்கொடி, காப்பு சொந்த உடைமை. போடுகிற நகையைச் சேமிப்பாக எடுக்க மாட்டார்கள். பெனிபிட்டுக்காகப் பாங்க் காசை நகையாக மாற்றினால்தான் வேறு கதை.

கூரை முடிந்ததும் மிச்சக் காசை அறிவியுங்கோ. 9,200 போனால் 18,200. அதற்கு 17 பவுண்தான் வருமானமாக எடுப்பார்கள், உங்கள் பென்ஷன் கிரெடிட் 39.06க்கு ஏறும். போன் எடுக்கும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கோ, கேட்க வெட்கப்பட ஒன்றுமில்லை.

முழங்காலைப் பற்றி இன்னொன்று. குளிக்க, உடுப்பு மாற்ற ஆறு மாதமாக உதவி தேவைப்படுகிறதென்றால் 'அட்டெண்டன்ஸ் அலவன்ஸ்' என்ற உதவிக்கான விண்ணப்பப் பாரமும் எடுங்கோ. அதற்குச் சேமிப்பே பார்ப்பதில்லை. கிடைத்தால் 2025-26 கணக்கில் கிழமைக்கு 73.90 அல்லது 110.40. தனிய இருக்கிறபடியால் பென்ஷன் கிரெடிட்டின் அடிமட்டத்தோடும் 82.90 கூடும், உங்களைப் பராமரிப்பதாகச் சொல்லி வேறு யாரும் அதற்கான காசு எடுக்காத வரை.

———

வெம்ப்ளித் தம்பி எழுதியது

சரி அக்கா, ஒத்துக்கொள்ளுறன். என்ர அம்மாவுக்கும் இதே ஆறு மாசக் கதையைத்தான் சொல்லி வைச்சிருக்கிறன். இண்டைக்குப் பின்னேரமே பாரம் போடுறன்.

———

மழைவாளி எழுதியது, டிசம்பர் 2025

சொல்லாமல் விட்டால் சரியில்லை எண்டு வந்தனான்.

போனிலயே விண்ணப்பம் போட்டன், மொழிபெயர்ப்புக்கு ஒரு பிள்ளை வந்தா, இந்தியத் தமிழ். நான் 'கதைக்கிறன்' எண்ட அவ 'பேசறேன்' எண்ட, எப்பிடியோ முடிஞ்சுது. ஆறு கிழமையில கடிதம் வந்தது, 21.06 தான், பின்னோக்கிய காசும் சேத்து. கவுன்சில் டாக்ஸ் பில்லில இப்ப பூச்சியம்.

பச்சைக் காசுக்காரரை விட்டுட்டன். மூண்டு பேரிட்ட எழுத்தில வாங்கினதில ஒராள் அதே 9,200க்குப் பில்லோட வந்தார், நாலு நாளில வேலை முடிஞ்சுது. மிச்சம் 18,200 எண்டு அறிவிச்சன், வாளியின்ர படத்தையும் எடுத்து வைச்சிருந்தன், ஆனா ஒருத்தரும் கேக்கேல்லை. ஷவருக்கு வந்த தெரபிஸ்ட் பிள்ளை அளந்து எழுதிக்கொண்டு போயிருக்கிறா, இன்னும் கடிதமில்லை. அதுவரை கதிரை வைச்சுக் கழுவுறன்.

அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் பாரம் மேசையில கிடக்கு. முப்பது பக்கமாவது வரும். இரவில எத்தினை தரம் எழும்புறனீர் எண்ட மாதிரி ஒரு இடம் இருக்கு. கணக்குக்கொப்பி, வாளி மாத்த எழும்பினதையும் சேக்கலாமோ?