நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தை மூடினால் காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு என்ன வழி?

பரவனாற்றுக்கரைக்காரர்: 2023 ஜூலையில் நெய்வேலிக்குப் பக்கத்து வளையமாதேவி கிராமத்தில் நெற்பயிர் நின்ற வயலுக்குள் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. சுரங்க விரிவாக்கத்துக்காக வாய்க்கால் வெட்டத்தான் அது. இன்னும் எத்தனை ஊரைக் கொடுப்பது? மின்சாரம் எடுக்கக் காற்றுக்கும் வெயிலுக்கும் தமிழ்நாட்டில் பஞ்சமில்லை. சுரங்கத்தை மூடுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

மந்தாரக்குப்பத்துப் பெண்: அந்த ‘அப்புறம்’தான் எனக்குப் பயம். என் அப்பா 23 வருஷமாகக் காண்ட்ராக்டில் வேலை பார்க்கிறார். காண்ட்ராக்டர் மாறினால் கேட் பாஸும் மாறும், சர்வீஸ் மறுபடி முதலிலிருந்து. பழைய பாஸ் ஒன்பதை ரப்பர் பேண்ட் போட்டு பீரோவில் வைத்திருக்கிறார். மூடும் நாளில் நிரந்தரத் தொழிலாளிக்கு செட்டில்மெண்ட் வரும். இவர் எதைக் காட்டிக் கேட்பார்?

சூரியகாந்தி: ஜெர்மனியைப் பாருங்கள். 2038க்குள் நிலக்கரியை விடுவதாக 2020லேயே சட்டம் போட்டார்கள். சுரங்கப் பகுதிகளுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கினார்கள். 58 வயது தாண்டியவர்களுக்கு ஓய்வூதியம் வரும்வரை ஐந்து வருஷம் உதவித்தொகை. நாமும் செய்யலாம். சோலாரிலும் வேலை இருக்கிறதே.

மந்தாரக்குப்பத்துப் பெண்: இருக்கிறது, எங்கே? 648 மெகாவாட் சோலார் நிலையம் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் நிற்கிறது. இங்கிருந்து ஒரு ராத்திரிப் பயணம். கட்டும்போது நிறையப் பேர் வேண்டும், கட்டி முடித்தால் பேனல் கழுவவும் காவலுக்கும் கொஞ்சம் பேர் போதும். ஜெர்மனியில் உதவித்தொகை வாங்குபவரின் பெயர் கம்பெனி பதிவேட்டில் இருக்கிறது. அப்பா பெயர் காண்ட்ராக்டரின் நோட்டில் இருக்கிறது.

பரவனாற்றுக்கரைக்காரர்: அதற்காக இன்னொரு ஊர் வயலை இழக்க வேண்டுமா? சுரங்கத்துக்காக நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள், எங்கள் கிணறுகள் கீழே போய்விட்டன.

மந்தாரக்குப்பத்துப் பெண்: வேண்டாம் அண்ணே. விரிவாக்கம் வேண்டாம் என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் இறைக்கும் அந்தத் தண்ணீர்தான் வாலாஜா ஏரிக்கு வருகிறது, அதை நம்பியும் நடவு நடக்கிறது. பம்பை நிறுத்தும் நாளில் அந்த வயலுக்கு என்ன ஏற்பாடு? தேதி குறிப்பதற்கு முன்னால் காண்ட்ராக்ட் ஆட்களின் முழுப் பட்டியல் வர வேண்டும், பழைய பாஸையும் சர்வீஸாக எண்ண வேண்டும். தோண்டி முடித்த நிலத்தில் சோலார் போட்டால் முதல் வேலை இவர்களுக்கும் நிலம் கொடுத்த குடும்பங்களுக்கும்.

பரவனாற்றுக்கரைக்காரர்: சரிம்மா, பட்டியல் முதலில் வரட்டும். ஆனால் அதைச் சாக்காக வைத்து மூடுவதைத் தள்ளிப்போடக் கூடாது. எங்கள் ஊரிலிருந்தும் காண்ட்ராக்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மே 1 கிராமசபையில் இரண்டையும் ஒரே தீர்மானமாக வைக்கிறேன். அப்பாவின் பாஸ்களை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள்.