கம்யூனிட்டி ரேடியோவுக்கு 'ஊர் வானொலி' பொருந்துமா?

அக்கா, வணக்கம்.

கம்யூனிட்டி ரேடியோ, அதாவது ஒரு பகுதி மக்கள் அவங்களுக்காகவே நடத்துற சின்ன வானொலி, அதுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்னு கேட்டு நீங்க 'ஊர் வானொலி'ன்னு எழுதினதப் பாத்ததும் சந்தோஷமா இருந்துச்சு, ஏன்னா எனக்கும் சமூக வானொலி, சமுதாய வானொலி ரெண்டுமே ஒட்டல. இங்க பெங்களூர்ல கன்னடத்துலயும் சமுதாய பானுலிதான், ஆனா தமிழ்ல ஒருத்தர் 'எங்க சமுதாயம்'னு சொன்னா அது சாதிதானே, கல்யாண மண்டபத்து போர்டுல இருந்து சங்கத்து பேனர் வரைக்கும் அந்த அர்த்தத்துலதான் நிக்குது. போன மாசம் அல்சூர்ல எங்க பெரியம்மாகிட்ட சமுதாய வானொலின்னு சொன்னேன், உடனே "எந்த சமுதாயத்துக்காரங்க நடத்துறாங்க?"ன்னு கேட்டாங்க.

ஆனா 'ஊர்'லயும் அதே முள்ளு இருக்குக்கா. ஊர் வேற சேரி வேறன்னு பிரிச்சு வச்ச மண்ணு நம்மளுது. தொண்டு நிறுவனம் நடத்துற நிலையங்கள்ல இந்தியாவுல முதல்ல வந்தது சங்கம் ரேடியோ, 2008 அக்டோபர்ல, இப்போ தெலங்கானாவுல இருக்கற மாச்சனூர்ல. அத நடத்துறது தலித் பெண்கள். அதுக்கு ஊர் வானொலின்னு பேர் வைக்க எனக்கு மனசு வரல. 'ஊரார் வானொலி'யும் வேணாம், ஊரார் வீட்டுப் பிள்ளைன்னா அடுத்தவங்க பிள்ளைதானே.

அதான், இந்த மாதிரி வானொலி எப்படி ஓடுதுங்கறதுல இருந்தே பேர எடுக்கலாம்னு தோணுது. பவர் சாதாரணமா 100 வாட், ஆன்டெனா 30 மீட்டருக்குள்ள, சுமாரா 10, 15 கிலோமீட்டர் வரைக்கும்தான் கேக்கும். நிகழ்ச்சில பாதியாவது அந்தப் பகுதியிலயே செஞ்சதா இருக்கணும். சொந்தமா செய்தி வாசிக்க அனுமதி இல்ல, ஆல் இந்தியா ரேடியோ செய்திய அப்படியே போடலாம். காசும் அப்படித்தான், லாபத்துக்கு நடத்தக்கூடாது, பக்கத்துக் கடை, பக்கத்துல இருக்கற வேலை இதுக்கான விளம்பரம் போட்டுக்கலாம், அதுவும் மணிக்கு 7 நிமிஷம்னு இருந்தத 2024லதான் 12 ஆக்கினாங்க, அரசு விளம்பர ரேட்டும் அப்பதான் 10 செகண்டுக்கு 52 ரூபால இருந்து 74 ஆச்சு. மிச்சத்துக்கு நடத்துற காலேஜோ தொண்டு நிறுவனமோ தாங்கணும், இல்ல மானியம், இல்ல கேக்கறவங்க குடுக்கறது. 2012ல அலைவரிசைக் கட்டணத்த வருஷத்துக்கு 19,700ல இருந்து 91,000ன்னு ஏத்தினாங்க, எதிர்ப்பு வந்து வாபஸ் வாங்கினாங்க. பெரிய எஃப்எம்முக்கு அது ஒரு நாள் செலவு கூட இருக்காது, இவங்களுக்கு அது நிலையத்த மூடணுமாங்கற கேள்வி.

அதனால என் ஓட்டு 'அக்கம்பக்க வானொலி'க்கு. சாதி வாசனை இல்ல, கேக்கற தூரமும் விளம்பரம் வர்ற கடையும் மைக்ல பேசற ஆளும் மூணுமே அதுல வந்துடுது. இங்க ஜெயின் காலேஜ் ஆரம்பிச்ச ரேடியோ ஆக்டிவ் 90.4ல ஒரு திருநங்கை ஆர்ஜேவா இருந்தாங்க, அக்கம்பக்கம்னா அவங்களும் உள்ள வர்றாங்க. ஒரு குறை இருக்கு, 'அவங்களுக்கே சொந்தம்'ங்கறது இதுல தெரியல. அதுக்கு 'அக்கம்பக்கத்தார் வானொலி'ன்னு நீட்டலாம், வாய்க்கு நீளம்.

'நான்-கமர்ஷியல்' (non-commercial)ங்கற வார்த்தைக்கு ரொம்ப யோசிக்க வேணாம், 'லாப நோக்கில்லாத' போதும்.

வாக்கியத்துல போட்டுப் பாத்தேன்: "நேத்து அக்கம்பக்க வானொலில கார்ப்பரேஷன் தண்ணி எப்ப வரும்னு சொன்னாங்க." எனக்கு இடறல. நீங்க அம்மாகிட்ட ஃபோன்ல ஒருவாட்டி சொல்லிப் பாருங்க, அர்த்தம் கேக்கறாங்களான்னு.