நெப்போலியன் திப்புவுக்கு எழுதின கடிதம்: 1799 போருக்கு அதுதான் காரணமா?

கோட்டை_அகழி:
வேலூர்க் கோட்டை பார்க்க வர்ற பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ரெண்டு பக்கக் குறிப்பு தயார் பண்றேன். திப்பு மகால், ஹைதர் மகால்னு கைகாட்டிட்டுப் போகாம, அந்தக் காலத்து ராஜதந்திரத்தைக் கடிதங்களை வெச்சே சொல்லணும். 1799-ல ஆங்கிலேயர் திப்பு மேல தொடுத்த போரைப் பத்தி, "நெப்போலியன் கடிதம் சிக்கினதாலதான் போர் மூண்டது"ன்னு எழுதியிருக்கேன். சரிதானே?

பாலாற்று_மணல்:
இல்லைங்க. தேதியை அடுக்கிப் பாருங்க. கடிதத்துல இருக்கறது பிரெஞ்சுப் புரட்சி நாட்காட்டி: ஏழாம் ஆண்டு, புளூவியோஸ் மாசம் 7. அதாவது 1799 ஜனவரி 26, நெப்போலியன் அப்ப படையோட இருந்த எகிப்தின் கெய்ரோ. ஆங்கிலேயத் தளபதி ஜெனரல் ஹாரிஸ் படை மைசூரைப் பிடிக்க வேலூரை விட்டுக் கிளம்பினது பிப்ரவரி 11. நடுவுல 16 நாள்தான். அதுக்குள்ள கெய்ரோ சேதி, அப்ப சென்னையில இருந்த கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லிக்குப் போய், அங்கேருந்து வேலூருக்கு உத்தரவு வர வாய்ப்பே இல்லை. கடிதம் திப்பு கைக்கும் சேரலை, வழியிலேயே ஆங்கிலேயர் பிடிச்சுட்டாங்க.

சாக்கு அதுக்கு ஒரு வருஷம் முந்தினது. உதவி கேட்டு திப்புவோட தூதர்கள், பிரெஞ்சுக்காரங்க கையில இருந்த மொரீஷியஸ் தீவுக்குப் போனாங்க. கவர்னர் மலார்டிக்கிட்ட கொடுக்கப் படை இல்லை; 1798 ஜனவரி கடைசியில, ஆள் தேவைன்னு ஊரறிய அறிக்கை விட்டுட்டார்! ரகசியமா பேச வேண்டிய கூட்டணி சந்திக்கு வந்துருச்சு. வந்து சேர்ந்தவங்க சுமார் 100 பேர். அந்த அறிக்கை ஜூன்ல கல்கத்தாவுல வெல்லெஸ்லி பார்வைக்குப் போச்சு. அவருக்கு அதுவே போதும்.

காகிதப்பட்டறை:
அதுக்காக நெப்போலியன் கடிதத்தைத் தூக்கிடாதீங்க, பாடம் நடத்த அருமையான காகிதம். எண்ணி முடியாத, யாராலும் வெல்ல முடியாத படையோட செங்கடல் கரைக்கு வந்துட்டதா ஆரம்பிக்கிறார். ஆனா 1798 ஆகஸ்ட் 1-லேயே எகிப்துக் கரையில அபூகிர் விரிகுடாவுல ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சன் அவர் கப்பற்படையை நொறுக்கியாச்சு. படை இருக்கு, ஏத்திட்டு வரக் கப்பல் எங்கே? அடுத்து அவர் கேக்கறதைப் பாருங்க: மஸ்கட் அல்லது மோக்கா வழியா உங்க நிலவரம் எழுதுங்க, விவரம் தெரிஞ்ச ஒருத்தரை சூயஸுக்கோ கெய்ரோவுக்கோ அனுப்புங்க. மைசூர்ல என்ன நடக்குதுன்னே ஆளுக்குத் தெரியலை.

ஒவ்வொரு கடிதத்துக்கும் மூணு தேதி போடுங்க: எழுதினது, சேர்ந்தது அல்லது பிடிபட்டது, அச்சானது. பலரும் கோட்டை விடறது மூணாவதுல. 1799 மே 4 திப்புவோட தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் அரண்மனைக் காகிதங்களைக் கிழக்கிந்தியக் கம்பெனி அள்ளி, ஆங்கிலத்துல பெயர்த்து அச்சடிச்சது. போரை லண்டன்ல நியாயப்படுத்தணுமே! எதை வெளியிடறதுன்னு தேர்ந்தெடுத்தது ஜெயிச்சவன் கை.

சத்துவாச்சாரி_சங்கர்:
திப்பு தரப்பு ஆவணம் சேர்த்தா வருஷத்துல உஷார். அதுல 1226-ன்னு போட்டிருந்தா, அதை இஸ்லாமிய ஹிஜ்ரி ஆண்டுன்னு நினைச்சு மாத்தினா 1811 வரும். மனுஷன் போய் 12 வருஷம் ஆச்சு. அது மௌலூதி, நபி பிறப்புலேருந்து எண்றது, 1798-99-ஐக் குறிக்கும். நாணயத்துல எண் வலமிருந்து இடமா ஓடும், நம்ம கண்ணுக்கு 6221. நம்ம பிரபவ, விபவ மாதிரி 60 வருஷப் பேரும் உண்டு, சூரிய வருஷத்தோட ஒத்துப்போக இடையில சேர்க்கற அதிக மாசமும் உண்டு. அதனால ஹிஜ்ரி கணக்குச் சூத்திரம் இதுக்கு உதவாது.

கோட்டை_அகழி:
அந்த வரியை அடிச்சுட்டேன். மௌலூதி கணக்கைத் தனிப் பெட்டியா போடறேன். முதல்ல எந்தக் காகிதம் வரணும்?

காகிதப்பட்டறை:
மலார்டிக் அறிக்கை. நெப்போலியன் ரெண்டாம் பக்கம், பக்கத்துலயே ஹாரிஸ் கிளம்பின தேதி.