இரண்டு நஞ்சுகள் சேரும்போது பாக்டீரியா என்ன செய்கிறது: நீங்கள் நேரில் கண்டது

பாளை ஆய்வகம்:
ஒரு சோதனைக் குழாய் இரண்டு ஆண்டுகளாக என்னை விடவில்லை. தாமிரபரணியில் குறுக்குத்துறைப் படித்துறைக்குச் சற்றுக் கீழே எடுத்த வண்டலிலிருந்து பிரித்த ஒரு பாக்டீரியாவுக்கு, தனித்தனியே கொடுத்தால் வளர்ச்சியை இலேசாகவே தடுக்கும் அளவில், மயில்துத்தத்தையும் பொட்டாசியம் குரோமேட்டையும் ஒன்றாகக் கொடுத்தேன். மறுநாள் காலை குழாய் கண்ணாடிபோல் தெளிந்திருந்தது. ஏதோ தோன்றி ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தபோது, குட்டைக் கோல்கள் இருக்க வேண்டிய இடத்தில் சேமியாவைக் கொட்டியதுபோல் நீண்ட இழைகள் கிடந்தன. அவற்றுள் இரண்டு மூன்று மெல்ல நெளிந்தன. குரோமேட் போன்றவற்றால் டிஎன்ஏ காயப்பட்டால் எஸ்ஓஎஸ் மறுவினை என்ற அவசரப் பழுதுபார்ப்பு எழும், சல்-ஏ புரதம் பிளவைத் தடுக்கும், செல் பிரியாமல் நீளும் என்பது இங்குள்ளோர் அறிந்ததே. அட்டவணை 24 மணி நேரத்தோடு முடிந்ததால், வழிகாட்டி சொன்னபடி ‘வளர்ச்சி இல்லை’ என்று எழுதினேன். மூன்றாம் நாள் குழாய் கலங்கியது, அதாவது பாக்டீரியா பெருகியிருந்தது.

பிசானம்:
நான் ஆய்வாளன் அல்லன். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நெல் நடுபவன். பாக்டீரியா இலைக்கருகல் கண்டால் காப்பர் ஆக்சிகுளோரைடையும், ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் சேர்ந்த தூளையும் ஒரே டேங்கில் கலந்து அடிப்பது எங்கள் பக்கத்து வழக்கமாக இருந்தது. முதல் பிசான நெல் பருவத்தில் கட்டுப்பட்டது. மூன்றாம் பிசானத்தில், மருந்தடித்த ஐந்தாம் நாள், ஓர் இலையை நறுக்கி டம்ளர் தண்ணீரில் நிறுத்தினேன். வெட்டுவாயிலிருந்து பாக்டீரியாக் கசிவு பால் கரைவதுபோல் வெண்மையாக இறங்கியது. அதே இலையின் மேல் மருந்தின் நீலப்பச்சைப் படிவு அழியாமல் இருந்தது. அதைத்தான் என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

சிற்றாற்றங்கரை:
சாயக் கழிவுநீர் சுத்திகரிப்பில் பதினோரு ஆண்டுகள் இருந்தவன். துத்தநாகமும் சோப்புக் கழிவும் ஒரே இரவில் சேர்ந்து வந்தன. விடியும்போது காற்றூட்டும் தொட்டி முழுவதும் நுரை. அடுத்த சில நாட்களில் வெளியேறும் நீரில் அம்மோனியா ஏறியது, ஏனெனில் அம்மோனியாவை உண்ணும் நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள்தான் முதலில் சாயும். என் கதை அவ்வளவே.

ஆனால் பாளை அம்மையார் எழுதியதை அப்படியே விட முடியாது. குரோமேட் செல்லுக்குள் நுழைவதே சல்பேட்டுக்கான வாயில் வழியாகத்தான். நீங்கள் ஊற்றிய மயில்துத்தமோ தாமிர சல்பேட். அப்படியானால் தாமிரத்தோடு சேர்த்து, குரோமேட்டுக்குப் போட்டியாளரையும் நீங்களே உள்ளே அனுப்பியிருக்கிறீர்கள். சோடியம் சல்பேட்டும் குரோமேட்டும் மட்டும் கொண்ட ஓர் ஒப்பீட்டுக் குழாய் இல்லாமல் எதையும் தாமிரத்தின் மேல் ஏற்ற முடியாது. ஊட்டக் கரைசலில் உள்ள அமினோ அமிலங்கள் தாமிரத்தைப் பிடித்துக்கொள்வதால், நிறுத்துப் போட்ட அளவு வேறு, பாக்டீரியா சந்தித்த அளவு வேறு. 96 குழித் தட்டில் ஒரு நஞ்சைக் கிடையாகவும் மற்றதை நெடுக்காகவும் படிப்படியாகக் குறைத்து வைத்து, பின்னத் தடுப்புச் செறிவுகளை (சேர்த்துக் கொடுக்கும்போது வளர்ச்சியைத் தடுக்கத் தேவைப்பட்ட அளவு, தனியே தேவைப்பட்ட அளவில் எத்தனை பங்கு என்பதை) இரண்டு நஞ்சுக்கும் கூட்டுங்கள், கூட்டுத்தொகை 0.5க்குள் இருந்தால் அவை ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன, 4ஐத் தாண்டினால் ஒன்றையொன்று கெடுக்கின்றன. எந்த நஞ்சை முதலில் கொடுத்தீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள். ஈ.கோலை சிறிதளவு தாமிரத்தை முன்னரே கண்டிருந்தால், கியூ-ஆர் (CueR) புரதம் அதை உணர்ந்து வெளியேற்றும் பம்பை இயக்கியிருக்கும்; சாலிசிலேட்டைக் கண்டிருந்தால் மார்-ஏ என்ற புரதம் எழுந்து, பல ஆன்டிபயாட்டிக்குகளையும் சேர்த்தே வெளியே தள்ளும் பம்புகளை இயக்கியிருக்கும்.

பிசானம் அண்ணாச்சிக்கும் ஒன்று. டெட்ராசைக்ளின் தாமிர அயனியைக் கவ்விக்கொள்ளும் பொருள். டேங்கிலேயே இரண்டும் ஒன்றையொன்று பிடித்து வலுவிழந்திருக்கலாம். தாமிரத்தைத் தாங்கும் மரபணுவும் ஆன்டிபயாட்டிக்கைத் தாங்கும் மரபணுவும் ஒரே பிளாஸ்மிடில் (பாக்டீரியாவுக்குள் தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏ வளையத்தில்) அமர்ந்திருப்பது பல பாக்டீரியாக்களில் கண்டறியப்பட்டுள்ளது. அப்படியிருந்தால் ஒன்றை அடித்தாலே இரண்டுக்கும் தாங்குபவை மிஞ்சும். இனியாவது கலக்காமல், எதிர்ப்புத் திறனுள்ள ரகத்தை நடுங்கள், தழைச்சத்தைக் குறையுங்கள், நோய் கண்ட வயலின் நீரை அடுத்த வயலுக்கு விடாதீர்கள்.

பாளை ஆய்வகம்:
சல்பேட் பற்றிய கண்டனம் நியாயமானது. எனக்கு அது தோன்றவே இல்லை. கிளிசராலில் உறைய வைத்த அந்தப் பாக்டீரியா இன்னும் இருக்கிறது. சோடியம் சல்பேட்டோடு மீண்டும் வைப்பேன். ஆனால் மூன்றாம் நாள் கலங்கியவை அந்த இழைகளே மீண்டும் பிளந்து பெருகியவையா, முதலிலேயே இழையாகாமல் ஒதுங்கி நின்ற சிலவற்றின் வழிவந்தவையா என்பதற்கு உங்கள் தட்டு விடை சொல்லாது. நான் பார்க்கத் தவறியது அதைத்தான்.

பிசானம்:
நான் யோசனை கேட்கவில்லை, அண்ணாச்சி, கண்டதைச் சொன்னேன். கலந்து அடிப்பதை அந்த ஆண்டே விட்டுவிட்டேன். அந்த டம்ளரில் மட்டும் எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் தண்ணீர் குடிப்பதில்லை.