மறுமொழி: இருக்கும் இயங்குதளத்தின் பக்கத்திலேயே இன்னொன்றை நிறுவுவதற்கு ஒரு சொல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மூன்று நாளாக வந்த 26 மடல்களையும் படித்துவிட்டேன். கையேடு வியாழன் மாலை அச்சுக்குப் போக வேண்டும். ஞாயிறன்று 40 மாணவர்கள் தங்கள் மடிக்கணினிகளோடு வருகிறார்கள். எல்லாவற்றிலும் விண்டோஸ் இயங்குதளம் (ஆபரேட்டிங் சிஸ்டம்) இருக்கிறது. அதை அழிக்காமல் பக்கத்திலேயே உபுண்டு லினக்ஸை நிறுவிக் காட்ட வேண்டும். ஆங்கிலத்தில் இதை 'டூயல் பூட்' என்பார்கள். 'பூட்' என்பது கணினி எழுந்து இயங்கத் தொடங்குவது. கையேட்டில் அந்தப் பகுதியின் தலைப்பு மட்டும் இன்னும் காலியாகக் கிடக்கிறது.

பெரும்பாலோர் ஆதரிக்கும் 'இரட்டைத் தொடக்கம்' ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வகுப்பில் அந்தச் சொல்லைத்தான் பலகையில் எழுதினேன். முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, "ரெண்டும் ஒரே நேரத்துல ஓடுமா சார்? எனக்கு நாலு ஜிபி ராம்தான் இருக்கு, தாங்குமா?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் பிழையே இல்லை. இரட்டை மாட்டு வண்டி என்றால் இரண்டு மாடும் சேர்ந்துதான் இழுக்கும். இரட்டை நாயனம் என்றால் இரண்டும் சேர்ந்துதான் ஒலிக்கும். நாம் சொல்ல வருவதோ வேறு. வட்டில் இரண்டும் குடியிருக்கும், ஆனால் ஒரு தடவைக்கு ஒன்றுதான் எழும். இரண்டும் ஒருசேர ஓடுவது மெய்நிகர் கணினியில், அதாவது ஓர் இயங்குதளத்துக்குள்ளேயே இன்னொன்றை ஓட்டும்போது. 'இரட்டை'யை இங்கே செலவழித்துவிட்டால் அதற்கு என்ன சொல்வோம்?

> பூட் என்பதற்குப் 'பூட்டு' என்றே வைக்கலாம். ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம். புறப்படுமுன் செய்வதுதானே பூட்டுதல்? ஆகவே இருபூட்டு.

ஐயா, சித்திரையில் நல்லேர் பூட்டுவதில் தொடங்கி நீங்கள் எழுதிய மூன்று மடல்களையும் வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன். அவ்வளவு பிடித்திருந்தது. ஆனால் ஆங்கிலச் சொல்லின் வேர் நுகத்தடியில் இல்லை, செருப்பில் இருக்கிறது. பூட்ஸின் பின்புறம் இருக்கும் வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்வது என்ற வழக்கிலிருந்து வந்தது அது. "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா" என்று தொல்காப்பியம் சொல்வதை இங்கே நாம் நினைத்துக்கொள்ள வேண்டும். ஒலி ஒத்துப்போவதால் வேர் ஒன்றாகிவிடாது.

வேரை விடுங்கள், வகுப்பறையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கையேட்டின் அடுத்த பக்கமே விண்டோஸில் வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரைப் பற்றியது. வட்டு பூட்டப்பட்டிருந்தால், எதையும் தொடுவதற்கு முன் 48 இலக்க மீட்புத் திறவுகோலைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிறோம். ஒரே பக்கத்தில் 'பூட்டு' தொடங்குவதையும் குறித்தால், பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வந்த பிள்ளை எதை எடுத்துக்கொள்ளும்?

> எங்கட பக்கம் துவக்கு எண்டால் துப்பாக்கி. தயவுசெய்து இரட்டைத் துவக்கு வேண்டாம்.

இந்த ஒரு வரிக்கு யாரும் பதில் எழுதவில்லை. அது எனக்கு வருத்தம். யாழ்ப்பாணத்தில் இருந்து அக்கா எழுதியது சொற்சுவைக்காக அல்ல. அங்கே ஒரு பிள்ளை தலைப்பில் அந்தச் சொல்லைப் பார்த்தால் மனதில் முதலில் வருவது என்ன என்று யோசியுங்கள். 'துவக்கம்' சரியா 'தொடக்கம்' சரியா என்று ஆறு மடல் ஓடியது. அக்காவின் இந்தக் காரணம் ஒன்றே தொடக்கத்தின் பக்கம் நிற்கப் போதும். அவர் சொன்ன இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாம் 'இயங்குதளம்' என்கிறோம், தமிழ்நாட்டுப் பாடநூல் 'இயக்க அமைப்பு' என்கிறது, இலங்கைப் பாடநூல் 'பணிசெயல் முறைமை' என்கிறது. மடல்களில் வந்த 'இருதளத் தொடக்கம்' என்றால் அங்கே இரண்டு இணையத்தளம் என்றுதான் படிப்பார்கள்.

தொடங்கு, தொடக்கு பற்றி ஒரு சொல். இயங்கு-இயக்கு, அடங்கு-அடக்கு போலத் தொடங்கு தன்வினை, தொடக்கு பிறவினை. மின்விசையை அழுத்துவது நாம், அதனால் பிறவினைதான் என்கிறார் ஒரு நண்பர். ஆனால் அழுத்திய பிறகு நடப்பதைப் பாருங்கள். பழைய எம்பிஆர் (மாஸ்டர் பூட் ரெக்கார்டு) முறையில் வட்டின் முதல் 512 பைட்டில் 446 பைட்டுதான் தொடக்க நிரலுக்கு. அந்தச் சின்ன நிரல் தன்னைவிடப் பெரியதை எழுப்ப, அது இன்னும் பெரியதை எழுப்புகிறது. கணினி தானாகத்தான் எழும்புகிறது. எனக்கு இது தன்வினையாகவே படுகிறது. 'தொடக்கம்' என்ற தொழிற்பெயர் இரண்டுக்கும் பொருந்துவதால் அப்படியே விட்டுவிடலாம்.

'உடனுறை நிறுவல்' என்று தோழி ஒருவர் எழுதியது இந்த விவாதத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த சொல். மீனாட்சி உடனுறை சுந்தரேசுவரர் என்று கோயிலில் பார்த்துப் பழகிய சொல், யாருக்கும் விளக்க வேண்டாம். தொல்காப்பியப் பொருளதிகாரம் சொல்லும் உள்ளுறை (மறைபொருள்) ஐந்தில் உடனுறையும் ஒன்று என்பதால் பொருள் குழம்பும் என்று எழுந்த மறுப்பை நான் ஏற்கவில்லை. நிறுவல் கையேட்டைப் படிப்பவர் பொருளதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படிப்பதில்லை. ஆனால் அது நிறுவுவதை மட்டும் சொல்கிறது. பிறகு ஒவ்வொரு நாளும் கருந்திரையில் பட்டியல் வந்து, பத்து வினாடி ஒவ்வொன்றாகக் குறைய, அம்புக்குறியை அழுத்தி ஒன்றைத் தெரிவு செய்கிறோமே, அதற்கு வேறு சொல் வேண்டும். 'தெரிவுத் தொடக்கம்' என்றும் ஒரு மடல் வந்தது. ஒரே லினக்ஸ் இருந்தாலும் பழைய கருனியை (லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை) தெரிவு செய்ய அதே பட்டியல் வரும் என்று அதற்கு வந்த மறுப்பு சரியானது.

என் பரிந்துரை 'இருவாசல்'. காரணம் இதுதான். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பல கணினிகளில் விண்டோசும் 'பாஸ்' என்னும் லினக்சும் சேர்ந்தே இருந்தன. அந்தப் பிள்ளைகள் "பாஸ்ல போ", "விண்டோஸ்குள்ள போ" என்றுதான் சொன்னார்கள். யாரும் சொல்லித்தரவில்லை. போவது என்றால் வாசல் உண்டு. இரண்டு வாசல் இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றில்தான் நுழைய முடியும். அந்த மாணவியின் கேள்விக்கு இந்தச் சொல்லிலேயே பதில் இருக்கிறது.

அப்புறம், 'டூயல் பூட்' என்றே தமிழெழுத்தில் எழுதினால் என்ன குறை என்று கேட்டவருக்கு: கையேட்டில் ஒரு முறை கட்டாயம் எழுதுவேன். சென்னை ரிச்சித் தெருவில் கணினிக் கடைக்காரரிடம் பேச அது வேண்டும். ஆனால் சொல் புரிவதும் பொருள் புரிவதும் ஒன்றல்ல. அதைப் பல ஆண்டு சொல்லிவந்த என் மாணவர்களுக்கே 'பூட்' என்றால் என்ன என்று தெரியாது.

புதன் இரவுக்குள் கருத்துச் சொல்லுங்கள்.

-----

வியாழன் இரவு

கையேடு அச்சுக்குப் போய்விட்டது. தலைப்பு 'உடனுறை நிறுவல்'. உள்ளே 'இருதளத் தொடக்கம்'. 'வலைவாசல்', 'நுழைவாயில்' எல்லாம் ஏற்கெனவே வேறு பொருளில் இருப்பதால் வாசல் வேண்டாம் என்று நள்ளிரவில் ஒன்பது பேர் எழுதினீர்கள். நான் களைத்துப்போய் ஒத்துக்கொண்டேன். என் கருத்து மாறவில்லை. வகுப்பில் வாயால் 'இருவாசல்' என்றுதான் சொல்வேன். யாழ்ப்பாணப் படிக்கு 'இருமுறைமைத் தொடக்கம்' என்று அக்கா திருத்திக்கொள்கிறார். ஐயா இன்று காலை அனுப்பிய மடலின் கீழும் 'இருபூட்டு வாழ்க' என்றுதான் இருந்தது.

ஒரு உதவி. லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாகப் படிக்கும், அதனால் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டக்கூடும் என்று 14ஆம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஞாயிறுக்கு முன் யாராவது தங்கள் கணினியில் சரிபார்த்துச் சொல்ல முடியுமா?